குட்டி நாய் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கிறதா?

எட்டு வாரக் குட்டியால் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்குவது கஷ்டம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட 10–15 நிமிடத்தில், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிக்கொண்டு போங்கள். நடக்க விட்டால் வழியிலேயே முடித்துவிடும்! தினமும் ஒரே இடம். அங்கே பேச்சு, விளையாட்டு இல்லாமல் 5 நிமிடம் நில்லுங்கள். சிறுநீர் போய் முடித்த நொடியே, அங்கேயே, பட்டாணி அளவு தின்பண்டம் கொடுங்கள். உள்ளே வந்தபின் கொடுத்தால், ஓடி வந்ததற்குத்தான் பரிசு என்று அது எடுத்துக்கொள்ளும்.

வீட்டுக்குள் சிறுநீர் போய்விட்டால் மூக்கை அதில் தேய்ப்பது, அதட்டுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். உங்கள் கண்ணெதிரே போனால் ஆபத்து என்பதை மட்டுமே அது கற்றுக்கொள்ளும். பிறகு சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகும். வெளியே கூட்டிப் போனாலும் உங்கள் முன் போகாது. இதைப் பிடிவாதம் என்பார்கள், பயம்தான். பாதியில் பார்த்தால் சத்தம் போடாமல் தூக்கி வெளியே விடுங்கள். தரையை என்சைம் கிளீனரால் (சிறுநீரைச் சிதைத்து வாடையைப் போக்கும் திரவம்) துடையுங்கள். அம்மோனியா கலந்தது கூடாது, அதுவே சிறுநீர் வாடை போலிருக்கும்.

தரையை முகர்ந்து வட்டமடித்தால் உடனே கிளம்புங்கள். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.