தங்கச்சியின் முதல் பாட்டு வெளிவந்த கதை

என் தங்கச்சி சீரியலில் நடிக்கிறாள். வியாசர்பாடியில் எங்கள் தெருவே அவளைக் கதாபாத்திரத்தின் பெயரில்தான் கூப்பிடும். ஆனால் சீரியலில் அவளுக்கு டப்பிங் பேசுவது வேறொருவர். சொந்தக் குரலில் ஒரு பாட்டாவது வர வேண்டும் என்பது அவள் ஆசை. காகித வேலை முழுக்க என் பொறுப்பானது.

முதலில் சீரியல் ஒப்பந்தத்தைப் பிரித்துப் படித்தேன். வெளி வீடியோவில் நடிக்க எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த அனுமதிக் கடிதம் (என்ஓசி) கைக்கு வரும்வரை வீடியோவுக்கு ஒரு ரூபாய்கூட செலவழிக்கவில்லை.

வரிகள் எழுதியது புளியந்தோப்பில் கானா பாடும் ஓர் அண்ணன். சம்பளம் கேட்டால், "பாத்து ஏதாவது குடும்மா" என்றார். எத்தனை பேர் இப்படிச் சொல்லியே ஏமாந்திருப்பார்கள்! 2012-இல் திருத்திய காப்புரிமைச் சட்டப்படி, பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. அந்த உரிமையை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. அதனால் ரெக்கார்டிங்குக்கு முன்பே யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். பாட்டு ஓடிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் உறவே கெட்டுவிடும்.

பெரம்பூரில் ஒரு சின்ன ஸ்டுடியோ. தங்கச்சி பயந்து பயந்து பாட, அண்ணன், "வயித்துலருந்து பாடு கண்ணு" என்று அதட்டினார். அப்புறம்தான் குரல் திறந்தது. டோலக்கை நேரடியாகவே வாசிக்க வைத்தோம். பலருக்கும் விற்கப்படும் ரெடிமேட் பீட் போட்டிருந்தால் யூடியூபின் கன்டென்ட் ஐடியில், அதாவது நம் பாட்டை வேறு வீடியோக்களில் பயன்படுத்தினால் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டில், பாட்டைச் சேர்க்க முடியாது.

பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற ஆப்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வேவ் ஆடியோ ஃபைலும் 3000-க்கு 3000 பிக்சல் அட்டைப் படமும் கொடுத்தோம். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனி அடையாளமான ஐஎஸ்ஆர்சி எண்ணை அவர்களே தந்தார்கள். அட்டையில் சீரியல் ஸ்டில் போடவில்லை, அது நம்முடையதல்ல. ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட் தொகுக்கும் எடிட்டர்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க வெளியீட்டுக்கு 7 நாள் முன்பாவது அனுப்ப வேண்டும். நாங்கள் இன்னும் முன்னாலேயே ஏற்றிவிட்டோம். படிவத்தில் பாடலாசிரியர் என்ற கட்டத்தில் அண்ணன் பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன்.

டிஸ்ட்ரிபியூட்டர் தருவது ஒலிப்பதிவுக்கான பணம். வரிக்கும் மெட்டுக்கும் உரிய ராயல்டி ஐபிஆர்எஸ் என்ற காப்புரிமைச் சங்கம் வழியாக வரும், அதற்குத் தனியாக உறுப்பினராக வேண்டும். அண்ணனின் பான் கார்டில் ஓர் இனிஷியல், பேங்க் பாஸ்புக்கில் வேறொன்று. அதைத் திருத்தி விண்ணப்பம் போட்டாயிற்று. உறுப்பினர் ஆனதும் இந்தப் பாட்டைப் பதிவு செய்ய வேண்டும், அவருடைய பழைய பாட்டுகளையும் சேர்த்து.