நிற்கிற மரம்

வால்பாறையில் பார்க்கிற இடமெல்லாம் தேயிலைதான். பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறவர்கள் அந்தப் பச்சையைப் பார்த்து "காடு எவ்வளவு அழகு!" என்று சொல்லும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பீடபூமி 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிவரை அடர்ந்த மழைக்காடு. அதை வெட்டித்தான் காப்பியும் தேயிலையும் வைத்தார்கள். இன்று வெளியே சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். நடுவில் எஸ்டேட்டுகள். அந்த எஸ்டேட்டுகளுக்குள்ளே ஓடையோரத்திலும் செங்குத்தான சரிவிலும் தப்பிப் பிழைத்த துண்டுச் சோலைகள். என் வேலை அந்தத் துண்டுகளில்தான். பறவை கணக்கெடுப்பது, விதை பொறுக்குவது, நாற்று வளர்ப்பது, நடுவது, நட்டதைக் காப்பாற்றுவது.

இந்த வேலையைப் பற்றிக் கேட்கிற எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை மரம் நட்டீர்கள்?" என்பதுதான். நிதி கொடுக்கிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், பத்திரிகைக்காரர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். எத்தனை மரம் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இத்தனை காலம் இங்கே இருந்து நான் புரிந்துகொண்டதில் முக்கியமானது இது: இந்த மலையின் பறவைகள் இன்று உயிரோடு இருப்பது நாங்கள் நட்ட நாற்றுகளால் அல்ல, யாரோ வெட்டாமல் விட்ட கிழட்டு மரங்களால்.

பெரிய வளைந்த அலகுள்ள பறவையான இருவாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் நான்கு வகை இருவாச்சிகள் இருக்கின்றன. அதில் மிகப் பெரியது பெரிய இருவாச்சி. அதன் அலகு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மரங்கொத்தியைப் போல மரத்தைக் குடைந்து பொந்து செய்துகொள்ள அதற்குத் தெரியாது. கிளை முறிந்த இடத்தில் மழைநீர் இறங்கி, உள்ளே உளுத்து, பறவை நுழையும் அளவுக்குக் குழி விழ வேண்டும். நன்றாகப் பருத்த கிழட்டு மரத்தில்தான் அப்படிப்பட்ட பொந்து அமையும். அமைந்துவிட்டால் அதே பொந்துக்கு வருடா வருடம் திரும்பி வரும்.

குளிர்காலம் முடிகிற வாக்கில் பெண் பறவை பொந்துக்குள் போய், தன் எச்சத்தையும் பழக் கசடையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று இடைவெளி மட்டும் மிச்சம். அங்கிருந்து குஞ்சு வெளியே வரும்வரை ஏறத்தாழ நான்கு மாதம். பெரும்பாலும் ஒரே ஒரு குஞ்சுதான். சாப்பாடு முழுக்க ஆண் பறவையின் பொறுப்பு. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே இருப்பவற்றுக்குப் பட்டினிதான்.

இந்த மலைக்காட்டுப் பழங்குடியான காடர் சமூகத்தைச் சேர்ந்த அண்ணன் ஒருவர்தான் எனக்குக் கூடு பார்க்கக் கற்றுக்கொடுத்தார். "தம்பி, அசையாத. நீ அசைஞ்சா அது கிட்டவே வராது, உள்ள இருக்கிற ரெண்டும் பசியில கிடக்கும்" என்று சொல்லி, கூட்டிலிருந்து வெகு தூரத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் உட்காரவைத்தார். முதலில் சத்தம்தான் வந்தது. இறக்கை காற்றை அறுக்கும் சத்தம், பறவை கண்ணில் படுவதற்கு முன்பே. ஆண் வந்து பொந்தின் ஓரத்தில் பட்டையைப் பற்றிக்கொண்டு, தலையை ஒரு உதறு உதறும். தொண்டைக்குள்ளிருந்து ஒரு அத்திப்பழம் அலகின் நுனிக்கு ஏறி வரும். அதைக் கீற்றுக்குள் நீட்டும். உள்ளிருந்து இன்னொரு அலகு நுனி வந்து வாங்கிக்கொள்ளும். மறுபடி ஒரு உதறு, மறுபடி ஒரு பழம். அவசரமே கிடையாது. கடைசிப் பழத்தையும் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே இருந்து சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் போகும்.

கூட்டுக்கு அடியில் போய்ப் பார்த்தால் இன்னொரு சங்கதி தெரியும். பெண் பறவை எச்சத்தையும் விதைகளையும் அந்தக் கீற்று வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது. மரத்தடி முழுக்க விதைக் குவியல். அத்தி, கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய். போன வருட விதைகள் முளைத்து நிற்கும். அந்த மண்ணைக் கிளறிப் பார்த்தே பறவை எங்கெங்கே போய் வந்தது என்று அண்ணன் சொல்லிவிடுவார். இந்த மரம் ஓடைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, இது மேல் எஸ்டேட் பங்களாவுக்குப் பின்னால் நிற்கிறது என்று. ஆக, ஒரு குஞ்சு வளர ஒரு மரம் போதாது. பழம் தரும் மரங்கள் மலை முழுக்கச் சிதறி நிற்க வேண்டும். அவற்றில் பல காப்பகத்துக்கு வெளியே, தனியார் எஸ்டேட்டுக்குள் நிற்கின்றன.

இதனால்தான் என் வேலையில் பாதி, மேனேஜர்களோடு பேசுவதாக ஆகிப்போனது. தேயிலைக்கு நிழல் வேண்டும் என்பது நியாயமான தேவை. அதற்கு எல்லா இடத்திலும் வைத்திருப்பது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக். சீக்கிரம் வளரும், வெட்டினால் காசு. ஆனால் பறவை தின்னப் பழம் கிடையாது, கிளையைக் கழித்துக்கொண்டே இருப்பதால் பொந்து விழவும் வழியில்லை. சோலை மரங்களின் நிழலில் வளரும் காப்பித் தோட்டங்களில் நின்று காது கொடுத்தால் வித்தியாசம் உடனே தெரியும். குக்குறுவான் விடாமல் கூப்பிடும், சீகாரப் பூங்குருவி சீட்டியடிக்கும், மலை அணில் கத்தும். சில்வர் ஓக் வரிசைகளுக்குள் அந்தச் சத்தங்கள் வெகுவாகக் குறைந்துவிடும்.

மேனேஜர்கள் எல்லோரும் கேட்காதவர்கள் அல்ல. வால்பாறையில் எஸ்டேட் நிர்வாகங்களின் சம்மதத்தோடு துண்டுச் சோலைகளை மீட்கும் வேலை இருபது வருடங்களுக்கு மேலாக நடந்துவருகிறது, அது சாதாரண விஷயமல்ல. ஆனால் மேனேஜர்கள் மாற்றலாகிப் போவார்கள். புதிதாக வருகிறவருக்கு அந்த அத்தி மரம் வெறும் மரம். மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும். மரம் வெட்டுவதற்குச் சட்டத்தில் தடைகள் இருக்கின்றன, சரி. மரத்தின் தூரில் குப்பையைக் குவித்துக் கொளுத்துவதை எந்தச் சட்டமும் பக்கத்தில் நின்று தடுக்காது. அங்கே குடியிருக்கும் தொழிலாளர்தான் தடுக்க முடியும். அதனால் இப்போதெல்லாம் எஸ்டேட் அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குத்தான் போகிறேன்.

நாற்றங்கால் வேலையைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அது எனக்கு உயிர். மழைக்காட்டு மரங்களின் விதைகளில் பெரும்பாலானவற்றை நெல் விதை போல உலர்த்தி வைத்துக்கொள்ள முடியாது. ஈரம் போனால் உயிர் போய்விடும். சாலையோரத்தில் விழுந்த வெடிப்பலா விதைகளைப் பொறுக்கிக் கொண்டுவந்தால், நாற்றங்காலைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கையை நீட்டியபடியே வருவார். "நாளைக்குன்னு வைக்காதீங்க தம்பி, இப்பவே ஊனிடலாம்." அப்புறம் நிழலில் வளர்த்து, தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் கொண்டுபோய் நடுகிறோம். நடுகிற இடத்தில் களையாக மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடிப் புதரை அப்படியே வழித்தெடுத்துவிடுவதும் இல்லை. தானாக முளைத்து வந்த சோலைக் கன்றுகள் அதற்குள் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து, அதைச் சுற்றித்தான் அரிவாள் போட வேண்டும்.

நட்ட கன்றுகள் பத்துப் பதினைந்து வருடத்தில் நிழல் கட்டிவிடுகின்றன. பூங்குருவி வருகிறது, சின்னச் சின்னப் பூச்சியுண்ணிப் பறவைகள் வருகின்றன. பார்க்கப் பார்க்க சந்தோஷம்தான். இருவாச்சி அங்கே பழம் தின்ன ஒருநாள் வரும். கூடு கட்ட வராது. மரம் வளர்ந்துவிடும், பொந்து விழ நூறு வருடமாவது வேண்டும். அதுவரை இன்று நிற்கிற மரங்கள்தான் அவற்றுக்கு வீடு.

சில சமயம் எது சரி என்று முடிவெடுப்பதே கஷ்டம். மீசாப்சிஸ் என்று ஒரு ஆப்பிரிக்க மரம், காப்பிக்கு நிழலாகக் கொண்டுவரப்பட்டது. அதன் பழத்தை இருவாச்சி விரும்பித் தின்கிறது. தின்றுவிட்டுச் சோலைக்குள் போய் விதையைப் போடுகிறது. இப்போது அது சோலைக்குள்ளேயே முளைத்து, அங்கே வளர வேண்டிய மரங்களின் இடத்தைப் பிடிக்கிறது. ஒரேயடியாக வெட்டினால் பறவையின் சாப்பாட்டில் கை வைத்ததாகும். விட்டால் சோலை மாறிப்போகும். என் கருத்து, சோலைக்குள் முளைக்கும் கன்றுகளை உடனே பிடுங்க வேண்டும், பெரிய மரங்களை மட்டும் பக்கத்தில் நம் ஊர் அத்தியும் கருங்குங்கிலியமும் காய்க்கும்வரை விட்டுவைக்கலாம். என் சக ஊழியர்களில் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை, எங்களுக்குள் இந்த வாக்குவாதம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சிங்கவால் குரங்குக்கு வேறு தொல்லை. மேல்கிளைகளிலேயே வாழும் விலங்கு அது. சாலையோர மரங்கள் போனதும் தரையில் இறங்கி ரோட்டைக் கடக்க ஆரம்பித்தது, வண்டியில் அடிபட்டது. புதுத்தோட்டம் பக்கம் பழைய தீயணைப்புக் குழாய்களை மரத்துக்கு மரம் கட்டிப் பாலம் போட்டிருக்கிறார்கள். குட்டியை வயிற்றில் சுமந்தபடி தாய்க் குரங்கு அதில் நடந்து போவதைப் பார்க்கும்போது மனசு நிறையும். ஆனால் அந்தக் குழாயைக் கட்டுவதற்கும் இரண்டு பக்கமும் மரம் வேண்டுமே!

இந்த வருடம் நாங்கள் செய்துகொண்டிருப்பது ஒரு பதிவேடு. எஸ்டேட் வாரியாக, கூடுள்ள மரங்கள், பழம் தரும் பெரிய மரங்கள் ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, என்ன மரம், தூர் எப்படி இருக்கிறது, பக்கத்து லைனில் யார் அதைக் கவனித்துக்கொள்கிறார்கள் என்று எழுதி, ஒரு பிரதி எஸ்டேட் அலுவலகத்திலும் ஒரு பிரதி வனத்துறையிடமும் இருக்கும்படி செய்கிறோம். மேனேஜர் மாறினாலும் நோட்டு அங்கேயே இருக்கும். மேல் எஸ்டேட்டுகள் முடிந்துவிட்டன. ஆற்றங்கரைப் பக்கம் பாக்கி இருக்கிறது. பெண் பறவை அடைகிற பருவத்துக்கு முன்னால் அதையும் முடித்துவிட வேண்டும்.