தூண்களை எண்ணாதீர்கள்: காசுகளோடு ரோமில் ஒரு நடை

ரோமுக்குப் போகிறவர்கள் கொலோசியத்துக்கு டிக்கெட் எடுப்பார்கள், பழைய ரோமின் மையச் சதுக்கமான ஃபோரத்து வெயிலில் வதங்குவார்கள், அப்புறம் ஜெலாட்டோ கடை. தெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பலாட்ஸோ மாஸிமோ என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் கீழ்த்தளத்தில்தான் காசுகள். என்னைக் கேட்டால், ஃபோரத்துக்கு முன்னால் அங்கே போய்விடுவது நல்லது. காசுகளின் முன்பக்கத்தில் பேரரசர்களின் தலைகள், அவை எனக்குச் சீக்கிரம் அலுத்துவிட்டன. பின்பக்கத்தில்தான் விஷயம்: கோயில், வளைவு, துறைமுகம், பாலம், சந்தை. விரல்நுனி அகலத்தில் ஒரு ஊரையே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கம் கரூரிலும் கோவை வட்டாரத்திலும் கிடைத்த ரோமானியக் காசுகளில் பெரும்பகுதி அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளி தெனாரியஸ்கள். அவற்றில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணோ, கேடயத்தோடு நிற்கும் இரண்டு இளவரசர்களோதான் அதிகம். கட்டடக் காசுகளைப் பார்க்க ரோமுக்கே போக வேண்டியிருந்தது.

போனில் காசுப் படங்களைச் சேமித்துக்கொண்டு ஃபோரத்தில் முதலில் நின்றது அந்தோனினஸ்–ஃபௌஸ்டினா கோயில் முன்னால். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான இடம் கிடைக்காது. முகப்பின் ஆறு தூண்களும் இன்றும் நிற்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் 17 மீட்டர் உயரம். பின்னால் கோயிலுக்குள்ளேயே ஒரு தேவாலயத்தைக் கட்டிவிட்டார்கள். கி.பி. 140-இல் ஃபௌஸ்டினா இறந்ததும் கணவரான பேரரசர் அந்தோனினஸ் பயஸ் எழுப்பிய கோயில் இது. அவள் பெயரில் வந்த காசுகளிலும் ஆறு தூண்கள். சரி, கணக்கு ஒத்துப்போகிறது. ஆனால் காசில் நடுத்தூண்கள் இரண்டும் விலகி நிற்க, இடையில் ஃபௌஸ்டினா ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாள். நிஜத்தில் சிலை உள்ளே, இருட்டில் இருந்திருக்கும். நம் ஊர் காலண்டரில் கோபுரத்துக்கு முன்னால் சாமியைப் பெரிதாகப் போடுவார்களே, அதே வேலை. கோயில் யாருடையது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் காசில் இருக்கிறது: படிகளுக்கு முன்னால் ஒரு வேலி. இப்போது அங்கே அதைக் காணோம். அழகுக்காக வேலி வெட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இடமே இல்லாத காசில் ஒருவர் மெனக்கெட்டு அதைச் சேர்த்திருக்கிறார் என்றால், அங்கே வேலி இருந்திருக்க வேண்டும். முகப்பில் இப்போது முதலில் கண்ணில் படும் பெயர் அந்தோனினஸ். அது 161-இல் அவர் இறந்த பிறகு ஏறியது. காசைப் பொறுத்தவரை அது அவள் கோயில் மட்டுமே.

சில அடி தள்ளி, தெய்வமாக்கப்பட்ட ஜூலியஸ் சீஸரின் கோயில். இப்போது மிச்சம் ஒரு மேடையின் உட்பகுதியும், சிறிய கூரையின் கீழ் பலிபீடமும்தான். யாரோ இன்னமும் அங்கே பூ வைக்கிறார்கள். சீஸரின் தத்துமகன் ஒக்டேவியன் (பின்னாளில் அகஸ்டஸ்) கி.மு. 36-இல் வெளியிட்ட காசில் இந்தக் கோயில் முழுசாக நிற்கிறது: முகப்பில் நட்சத்திரம், உள்ளே சீஸர் சிலை, பக்கத்தில் பலிபீடம், நான்கே தூண்கள். முகப்பில் ஆறு தூண் இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் பலருடைய முடிவு. அதைவிட வேடிக்கை, கோயில் திறக்கப்பட்டது கி.மு. 29-இல். ஏழு வருஷம் முன்னாலேயே காசு வந்துவிட்டது! 'என் அப்பா தெய்வம்' என்ற அரசியல் விளம்பரத்துக்குக் கட்டடம் முடியும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? இங்கே தூண்களை எண்ணுவது வீண்வேலை.

நீரோவின் காசுகளில் வரும் யானுஸ் கோயில் நேர்மாறு. வாசல்களின் தெய்வம் யானுஸ்; போர் இல்லாதபோது மட்டும் அவர் கோயில் கதவைச் சாத்துவார்கள். ரோமானிய மக்களுக்கு நிலத்திலும் கடலிலும் அமைதி கிடைத்ததால் கதவைச் சாத்தினோம் என்று எழுத்து சொல்கிறது. அதனால் படத்தின் நாயகன் கதவு: மூடிய இரட்டைக் கதவு, மேலே மாலை. ஃபோரத்தில் இந்தக் கோயிலின் கல் ஒன்றைக்கூட இதுதான் என்று காட்ட முடியாது. அது எப்படி இருந்தது என்பதற்குக் காசுதான் முக்கியச் சாட்சி.

கடைசியாகக் கொலோசியம். பேரரசர் தித்துஸ் கி.பி. 80–81-இல் வெளியிட்ட செஸ்டர்டியஸ் என்ற பெரிய காசில் கட்டடத்தை மேலிருந்து சாய்த்துக் காட்டியிருக்கிறார்கள். வெளிச்சுவரும் தெரிகிறது, உள்ளே புள்ளி புள்ளியாகக் கூட்டமும் தெரிகிறது. எந்த இடத்தில் நின்றாலும் இரண்டும் ஒன்றாகத் தெரியாது, நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். இன்று வெறுமையாக இருக்கும் மேல்தள வளைவுகளில், காசில் சிலைகள் நிற்கின்றன. இடப்பக்கம் கூம்பாக நிற்பது மேத்தா சூதான்ஸ் என்ற நீரூற்று. அதில் எஞ்சியிருந்ததை 1936-இல் முசோலினி ஆட்சியில் இடித்துத் தள்ளினார்கள். கான்ஸ்டன்டைன் வளைவுக்குப் பக்கத்தில் தரையில் வட்டமாக அடையாளம் இருக்கிறது. செல்ஃபி எடுப்பவர்கள் அதன் மேலேயே நிற்பார்கள், கொஞ்சம் நகரச் சொல்ல வேண்டியிருக்கும். வலப்பக்கத்துத் தூண் மண்டபம் எது என்பதில் மட்டும் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. தித்துஸின் குளியலகம் என்பவர்கள் உண்டு, நீரோ அரண்மனையின் மிச்சம் என்பவர்களும் உண்டு.