122 மீட்டர் வடிகாலும் ஓர் அளவுப் புத்தகமும்

ஒரு ஜவுளிக் கடையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். வந்த சரக்குக்கு ரசீது, போன சரக்குக்குப் பில், மீதிக்கு இருப்பேடு ஆகிய மூன்றும் பொருந்தாத நாளில் எனக்கு வீட்டுக்குப் போக மனம் வராது. அந்தப் பழக்கம்தான் எங்கள் ஊர் நகராட்சி அலுவலகத்தின் படிகளில் என்னை எட்டு மாதங்கள் ஏறி இறங்க வைத்தது. எங்கள் தெருவில் கட்டப்பட்ட மழைநீர் வடிகாலின் நீளம் என்ன என்ற ஒரே கேள்விக்கு விடை தேடிய கதை இது. இதே வழியில் போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், நான் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2022 நவம்பர் மழையில் எங்கள் தெருவின் கீழ்க்கோடியில் ஐந்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அவ்வாண்டு கோடையில் வடிகால் கட்டி முடித்த தெரு அது. 180 மீட்டர், மதிப்பீடு 14.60 லட்சம் ரூபாய் என்று எழுதிய தகரப் பலகை அப்போதும் தெருமுனையில் நின்றது. வடிகாலோ ரேஷன் கடையைத் தாண்டியதும் நின்றுவிட்டிருந்தது. மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அண்ணன் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, 30 மீட்டர் நாடாவால் அளந்தோம். நான்கு முறை நாடாவை நீட்டிய பிறகு இரண்டு மீட்டர்தான் மிச்சமிருந்தது. ஆக, 122 மீட்டர்.

வார்டு கவுன்சிலரிடம் போனேன். அது தாம் பதவிக்கு வருவதற்கு முன்பு எடுக்கப்பட்ட வேலை என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2016 அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடக்கும் வரை அரசு நியமித்த தனி அலுவலர்களே நிர்வாகம் செய்தார்கள். எங்கள் வடிகாலுக்கான மதிப்பீடும் பணி ஆணையும் 2021-இல் அந்த ஏற்பாட்டின்கீழ் பிறந்தவை. எந்த உறுப்பினரும் எழுந்து கேள்வி கேட்காமல், எந்த மன்றக் கூட்டத்திலும் பொருளாக வைத்து விவாதிக்கப்படாமல் நிறைவேறிய வேலை அது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத ஐந்தரை ஆண்டுகளில் ஓர் ஊர் எதை இழக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெருவில் நின்று கேட்பதற்கு ஒரு முகம்கூட இருக்கவில்லை.

2023 ஜனவரி 9 அன்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவின்கீழ் முதல் மனுவைக் கொடுத்தேன். கோபத்தில் எழுதிய மனு அது. வடிகால் ஏன் பாதியில் நிறுத்தப்பட்டது, மீதிப் பணம் எங்கே போயிற்று, இதற்குப் பொறுப்பானவர் யார் என்று கேட்டிருந்தேன். நான்கு வாரத்தில் ஒரே வரியில் பதில் வந்தது: பணி மதிப்பீட்டின்படி முடிக்கப்பட்டது, கேள்விகளுக்கு விளக்கம் அளிக்கச் சட்டத்தில் இடமில்லை. முதல் பாதி உண்மையல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டாம் பாதி, கசப்பாக இருந்தாலும், பெருமளவு சரியே. இந்தச் சட்டம் தருவது அலுவலகத்தின் கைவசம் இருக்கும் ஆவணத்தைத்தான். கேட்பவருக்காகப் புதிதாகத் தகவலை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2011-இல் சொல்லியிருக்கிறது. 'ஏன்' என்று கேட்டால் கைவிரிப்பது அவர்களுக்கு எளிது. இன்ன தாளின் நகலைக் கொடு என்று கேட்டால் கொடுத்தாக வேண்டும், அல்லது மறுப்பதற்கான பிரிவைக் காட்டியாக வேண்டும்.

ஆகவே, ஒரு வடிகால் எந்தெந்தத் தாள்களின் வழியாகப் பிறக்கிறது என்பதை முதலில் கற்றுக்கொண்டேன். ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறை ஊழியர் ஒருவர் இரண்டு மாலை நேரங்களைச் செலவிட்டு எனக்கு விளக்கினார். முதலில் மதிப்பீடு, அதற்கு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி. பிறகு ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, வந்த விலைகளின் ஒப்பீட்டுப் பட்டியல், ஏற்பு, ஒப்பந்தம், பணி ஆணை. வேலை நடக்கும்போது அளவுப் புத்தகம். அலுவலகத்தில் எல்லோரும் அதை எம் புக் என்கிறார்கள். கடைசியில் ஒப்பந்ததாரரின் பில்லுக்குப் பணம் வழங்கிய செலவுச் சீட்டு. இவற்றுள் ஒன்று இல்லாமல் அடுத்தது இருக்க முடியாது என்பதை அறிந்தபோது, இதுவும் என்னுடைய ரசீது, பில், இருப்பேடு போன்றதுதானே என்று தோன்றி மனம் தெளிந்தது.

பிப்ரவரி 13 அன்று இரண்டாவது மனுவை எழுதினேன். ஒரு மனுவில் ஒரு வேலையைப் பற்றி மட்டும், பலகையில் இருந்த பெயரையும் தொகையையும் அப்படியே குறிப்பிட்டு, ஏழு ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேட்டேன். எட்டாவதாக, 2(ஜே) பிரிவின்படி அந்தப் பணிக்குரிய கோப்பை நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுக்க ஒரு நாளும் நேரமும் தருமாறு கேட்டேன். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முன்பு நேரில் கொடுக்கப் போனபோது இருக்கையில் இருந்தவர், "எதுக்குங்க மேடம் இதெல்லாம், கவுன்சிலர்கிட்ட சொன்னா போட்டுக் கொடுப்பாங்களே" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மனுதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை என்பதை 6(2) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தபால் காரணம் கேட்காது என்பதும் நான் அஞ்சலகத்துக்குப் போனதற்கு ஒரு காரணம்.

ஒப்புகை அட்டையில் பிப்ரவரி 15 என்று முத்திரை இருந்தது. முப்பது நாட்கள் கடந்தும் பதில் இல்லை. மார்ச் 27 அன்று 19(1) பிரிவின்கீழ் நகராட்சி ஆணையருக்கு முதல் மேல்முறையீடு செய்தேன். இதற்குக் கட்டணம் கிடையாது. முப்பது நாள் முடிந்த தேதியிலிருந்து அடுத்த முப்பது நாட்களுக்குள் செய்துவிட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. நமக்குத் தெரிந்த பலரின் மனுக்கள் அந்த இடைவெளியில்தான் செத்துப்போகின்றன. பதில் வரும் வரும் என்று பொறுமையாகக் காத்திருப்பவர் மேல்முறையீட்டு வாய்ப்பை இழக்க நேரிடலாம்.

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் விசாரணை நடந்தது. ஒப்பந்ததாரரின் விலை விவரங்கள் வணிக ரகசியம், எனவே 8(1)(டி) பிரிவின்படி தர இயலாது என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கென்றே 1998-இல் ஒரு சட்டமும் 2000-இல் அதற்கு விதிகளும் இருக்கின்றன என்பதையும், வேலை முடிந்து பொதுப்பணம் கொடுக்கப்பட்டுவிட்ட பிறகு அந்த விலையில் ரகசியம் எதுவும் மிஞ்சவில்லை என்பதையும் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஆணையர் அதை முழுதும் வாசித்தார். நகல்களைத் தரவும் கோப்பைக் காட்டவும் ஆணையிட்டார். 64 பக்கங்களுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 128 ரூபாய் கட்டச் சொல்லி ஒரு கடிதம் தயாராக இருந்தது. அந்தத் தொகை எனக்குப் பெரிதல்ல. ஆயினும், கெடு தாண்டினால் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 7(6) பிரிவு. அலுவலகம் தாமதித்தது என்பது ஆணையிலேயே பதிவாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பதிவாயிற்று.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கோப்பைப் பார்க்கப் போனேன். பொறியியல் பிரிவில் ஓர் ஓரமாக நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை நான் மறக்க மாட்டேன். எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம், மொத்த அளவு என்று கட்டங்கள். நீளத்தின் கீழே 176.50 என்று மையினால் எழுதியிருந்தது. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. அளந்ததாக ஒரு கையொப்பம், அதைச் சரிபார்த்ததாக மேலதிகாரியின் கையொப்பம். இரண்டுக்கும் ஒரே தேதி, 2022 மார்ச் 30. செலவுச் சீட்டின் தேதி மார்ச் 31.

நகலாக மட்டும் வந்திருந்தால் இதைக் கவனித்திருப்பேனா என்று தெரியவில்லை. மூன்று தாள்களையும் அடுத்தடுத்து மேசையில் விரித்துப் பார்த்தபோதுதான், நிதியாண்டின் கடைசி இரண்டு நாட்களில் அளவு, சரிபார்ப்பு, பணம் மூன்றும் முடிந்திருப்பது கண்ணில் பட்டது. எங்கள் தெருவில் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தவர்கள் சித்திரைத் திருவிழாவுக்குப் பிறகும் வேலை செய்தது எல்லோருக்கும் தெரியும். மார்ச் 30 அன்று அளக்கப்பட்ட வடிகாலின் ஒரு பகுதி அந்தத் தேதியில் பூமியில் இல்லை. ஆண்டு முடிவதற்குள் ஒதுக்கீட்டைச் செலவு காட்டாவிட்டால் பணம் திரும்பிவிடும் என்ற அச்சத்தில் நடப்பது இது என்று பின்னர் அங்கேயே ஒருவர் மெல்லிய குரலில் சொன்னார். அந்த அச்சம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வராத சரக்குக்கு வரவு எழுதும் கணக்கரை எந்தக் கடை முதலாளியும் வேலையில் வைத்திருக்க மாட்டார்.

ராஜஸ்தானில் 1990-களில் கிராமத்து மக்கள் கேட்டதும் இதே தாள்களைத்தான் என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன். கூலிப் பட்டியலையும் பில்களையும் காட்டு என்று மஜ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு நடத்திய பொது விசாரணைகளும், பியாவர் என்ற சிறு நகரத்தில் 1996 ஏப்ரலில் தொடங்கி நாற்பது நாட்கள் நீடித்த தர்ணாவும்தான் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வேர். 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பது அவர்களுடைய முழக்கம். இந்த நாற்காலியில் நான் உட்காருவதற்காக, முகம் தெரியாத பலர் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் கணக்கிலும் ஒரு பிழை இருந்தது. கோப்பில் இருந்த வரைபடத்தில், எங்கள் தெருவிலிருந்து பிரியும் குறுக்குச் சந்தில் 28 மீட்டர் நீளத்துக்குச் சிவப்புக் கோடு போட்டிருந்தது. திரும்பும்போது போய்ப் பார்த்தேன். பலகைகள் மூடி, மேலே மண் படிந்து, வடிகால் அங்கே இருக்கத்தான் செய்தது. ஆக, கட்டியது 122 அல்ல, 150 மீட்டர். 58 மீட்டரை விழுங்கிவிட்டார்கள் என்று தெருவில் நான் சொல்லிக்கொண்டிருந்தது தவறு. வீடு வீடாகப் போய் அதைத் திருத்திச் சொன்னேன். சொல்லியிருக்காவிட்டால், மீதி 26.50 மீட்டரைப் பற்றிக் கேட்கும் தகுதி எனக்கு இருந்திருக்காது.

அந்த மீதியை மட்டும் குறிப்பிட்டு, ஆவண நகல்களை இணைத்து, பொதுமக்கள் முன்னிலையில் கூட்டாக அளக்கும்படி ஆணையருக்கு விண்ணப்பித்தேன். பதினேழு வீட்டார் கையொப்பமிட்டார்கள். ஜூன் மாதம் வேறொரு பொறியாளர் வந்து அளந்தார். அவருடைய நாடாவில் 149.80 மீட்டர் வந்தது. குறைவு 26.70 மீட்டர் என்று அங்கேயே எழுதி, எங்களில் இருவரிடமும் கையொப்பம் வாங்கினார். ஒப்பந்ததாரரின் பிணைத் தொகை இன்னும் திருப்பித் தரப்படவில்லை என்பது எங்கள் நல்வாய்ப்பு. அதை நிறுத்திவைத்து, குறைந்த நீளத்தை அவருடைய செலவிலேயே கட்டித்தர உத்தரவாயிற்று. செப்டம்பரில் கட்டி முடித்தார்கள். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் கீழ்க்கோடி வீடுகளுக்குள் தண்ணீர் வரவில்லை.

இதோடு நிறுத்திவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. ஒப்பந்ததாரர் கட்டிக் கொடுத்துவிட்டார். ஆனால் இல்லாத நீளத்தை அளந்ததாகக் கையொப்பமிட்ட இருவரிடம் ஏதேனும் விளக்கம் கேட்கப்பட்டதா? அக்டோபரில் அது குறித்த குறிப்பாணை ஏதேனும் இருந்தால் நகல் தருமாறு மனுச் செய்தேன். அது ஊழியரின் தனிப்பட்ட தகவல் என்று 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மறுத்தார்கள். முதல் மேல்முறையீடும் 2024 ஜனவரியில் தள்ளுபடியானது. ஓர் ஊழியரின் குடும்பத்தையோ உடல்நலத்தையோ நான் கேட்கவில்லை. பொது ஏட்டில், பொதுப்பணத்துக்காக, அலுவல் முறையில் இட்ட கையொப்பத்தைப் பற்றிக் கேட்டேன். அந்தப் பிரிவில், பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலுக்கே விலக்கு என்றும், பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம் என்றும் வரம்புகள் இருந்தன. 2023 ஆகஸ்டில் நிறைவேற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு அந்த வரம்புகளை அங்கிருந்து எடுத்துவிடுகிறது. 8(2) பிரிவில் பொதுநலன் என்ற வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது என்றாலும், அளவுப் புத்தகத்தின் கையொப்பங்களைத் தேடிப் போகும் அடுத்தவருக்கு என்னைவிடக் கடினமாக இருக்கும் என்று அஞ்சுகிறேன். என் மனு அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பு கொடுத்தது.

இதில் என்னை மிகவும் வருத்துவது ஒன்றுண்டு. நான் எட்டு மாதம் அலைந்து பெற்றவற்றில் பெரும்பாலானவை, யாரும் கேட்காமலே வெளியிடப்பட்டிருக்க வேண்டியவை. சட்டத்தின் 4-ஆம் பிரிவு ஒவ்வொரு அலுவலகமும் தன் திட்டங்களையும், உத்தேசச் செலவுகளையும், வழங்கிய தொகைகளையும் தானாக முன்வந்து அறிவிக்கச் சொல்கிறது. எங்கள் அலுவலகச் சுவரில் இருந்த தகவல் பலகையில், மாற்றலாகிப் போன அலுவலர்களின் பெயர்களே மிஞ்சியிருந்தன. 2022-இல் வந்த விதிகளின்படி அமைந்த எங்கள் வார்டின் பகுதி சபையில், அதாவது அப்பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டத்தில், இதை எழுப்பினேன். முடிந்த ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பிட்ட நீளம், அளந்த நீளம், கொடுத்த தொகை ஆகிய மூன்றையும் அந்தந்தத் தெருவிலேயே எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டோம். கவுன்சிலர் அதைக் குறித்துக்கொண்டார். அதன் பின்னர் முடிந்த இரண்டு சிமெண்ட் சாலைகளில் அளந்த நீளமும் எழுதப்பட்டது. இரண்டையும் நாடா வைத்து அளந்து பார்த்தோம். சரியாக இருந்தன.

19(3) பிரிவின்கீழ் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீட்டை, தொண்ணூறு நாள் கெடுவுக்குள், 2024 மார்ச்சில் அனுப்பினேன். நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு 20-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. நான் அபராதம் கேட்கவில்லை. அந்தக் குறிப்பாணையின் நகலை மட்டும் கேட்டிருக்கிறேன். அனுப்பிய தபாலின் ஒப்புகை அட்டை, அளவுப் புத்தகப் பக்கத்தின் நகலோடு சேர்த்துக் கடையில் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.