பூஜ்யத்தையும் எழுதணும்

மழையை மட்டும் நம்பி விதைக்கிற விவசாயிகளின் முதல் கூட்டத்துக்குப் போகும்போது என் பையில் ஒரு திட்டம் தயாராக இருந்தது. சமமட்ட வரப்பு, பண்ணைக்குட்டை, வறட்சி தாங்கும் விதை. மானாவாரி நிலத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் சொல்வதுதான். அரை மணி நேரம் படம் காட்டிப் பேசினேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். முடிந்ததும் ஒரு பெரியவர் கேட்டார்: "அதெல்லாம் சரி தம்பி, விதைக்கிறது எப்போ? அதைச் சொல்லுங்க."

என்னிடம் பதில் இல்லை. அவர் அதைக் கேலிக்குக் கேட்கவில்லை. முந்தைய இரண்டு பருவமும் முதல் மழை நன்றாக இறங்கியிருக்கிறது, எல்லாரும் ஏர் பூட்டி விதைத்திருக்கிறார்கள், அப்புறம் வாரக்கணக்கில் வானம் வெறித்துவிட்டது. முளைத்தது முளைத்த இடத்திலேயே கருகிப் போயிற்று. இரண்டாம் விதைப்புக்குக் கடன்.

மழை குறைந்துவிட்டதா என்று கேட்டேன். பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். மீதிப் பேர், பெய்வது பெய்யத்தான் செய்கிறது, நேரத்துக்குப் பெய்வதில்லை என்றார்கள். யாரிடமும் கணக்கு இல்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடும் என்று படித்திருந்தேன். அதனால் கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டும், இடைவெளியும் நீளக்கூடும். மொத்த மழை பெரிதாக மாறாமலே பயிர் சாகலாம். ஆனால் அந்த நிலத்தில் நடப்பது அதுதானா என்று சொல்ல எனக்கும் வழியில்லை. திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு மழையை அளப்போம் என்று முடிவானது.

மழைமானி பெரிய சமாசாரம் இல்லை. அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கங்கள் நேராக இருக்கிற டப்பா போதும். மரமோ கூரையோ இருந்தால் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி, ஒரு கம்பத்தில் ஆடாமல் கட்டிவிட வேண்டும். தினமும் காலையில் ஒரே நேரத்துக்குப் போய், அளவுகோலை விட்டு எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் டப்பா எந்த அகலமானாலும் அளவு ஒன்றுதான் என்பதை ஒப்புக்கொள்ள வைப்பது லேசாக இல்லை. பெரிய வாய் உள்ள பாத்திரத்தில் அதிகமாகத்தானே விழும் என்று ஒரே வாதம். சரி, பார்த்துவிடலாம் என்று ஒரு அகலமான பீப்பாயையும் சின்ன டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அடுத்த மழையில் இரண்டிலும் 14 மில்லிமீட்டர். அதிகமாக விழுகிற தண்ணீர் அகலமான அடியில் பரவிவிடுகிறது, அதனால் உயரம் ஒன்றுதான். அன்றைக்கு அந்த அளவுகோல் இருபது கை மாறியிருக்கும்.

அதற்கப்புறம் போட்ட கணக்குதான் எல்லாவற்றையும் நகர்த்தியது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 81,000 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணீர் லாரி ஏறக்குறைய ஏழு வந்து கொட்டியதற்குச் சமம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், "அவ்வளவு தண்ணியும் அப்போ எங்க போச்சு?" என்றார். என் அரை மணி நேரப் படம் கேட்க வைக்காத கேள்வி அது.

இனி அந்தத் தண்ணீரை நிலத்திலேயே நிறுத்தும் வரப்பு வேலை. சரிவில் ஒரே மட்டத்தில் இருக்கும் இடங்களை இணைத்துக் கோடு போட வேண்டும். அதற்கு ஏ வடிவச் சட்டம் கட்டினோம். இரண்டு நீளக் கழியை உச்சியில் சேர்த்து, நடுவில் குறுக்குக் கழி கட்டி, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல். அந்தக் கயிறு குறுக்குக் கழியில் எங்கே தொடுகிறதோ அங்கே ஒரு குறி. பிறகு இரண்டு காலையும் அப்படியே இடம் மாற்றி வைத்து இன்னொரு குறி. இரண்டு குறிக்கும் நடு மையம்தான் உண்மையான மட்டம். கால்களின் நீளம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இந்த நடுக்குறி அதைச் சரிக்கட்டிவிடும். அப்புறம் ஒரு காலை ஊன்றி, மறு காலை நகர்த்தி, கயிறு நடுக்குறியில் நிற்கும் இடமெல்லாம் முளைக்குச்சி அடித்துக்கொண்டே போகலாம். ஒரு மதியத்திலேயே பள்ளிப் பிள்ளைகள் எங்களைவிட வேகமாக அடித்துக்கொண்டு போனார்கள்.

மட்டம் சரியாகத்தான் இருந்தது. இருந்தும் முதல் பெருமழையிலேயே வரப்பு உடைந்தது. ஒரே ராத்திரியில் 62 மில்லிமீட்டர். காலையில் போய்ப் பார்த்தால் மூன்றாவது வரப்பில் ஆள் இறங்கி நிற்கிற அளவுக்கு வாய் பிளந்திருக்கிறது, அதன் கீழே மேல்மண் முழுக்க அரித்து, கூழாங்கல் பல்லைக் காட்டுகிறது. வரப்பே போடாமல் இருந்திருந்தால் இத்தனை சேதம் வந்திருக்காது. நிலத்துக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

களையெடுக்கப் போகும் அக்கா ஒருவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டிப்பாதையில வர்ற தண்ணி இங்கதானே விழும். அன்னைக்கே சொன்னேனே" என்றார். சொல்லியிருக்கிறார். முதல் கூட்டத்தில், நான் அடுத்த படத்துக்குத் தாவிக்கொண்டிருந்தபோது. மேட்டிலிருந்து இறங்குகிற வண்டித்தடம் பல வருஷத்தில் தேய்ந்து பள்ளமாகி, மழை வந்தால் வாய்க்கால் மாதிரி ஓடி, மொத்தத் தண்ணீரையும் அந்த ஒரே இடத்தில் கொண்டுவந்து தள்ளுகிறது. வெயிலில் பார்த்தால் அது வெறும் பாதை.

அடுத்த மழைக்கு நனைந்தபடியே நிலத்தைச் சுற்றினோம். அந்த அக்கா முன்னால், நான் குச்சிகளோடு பின்னால். எங்கே தேங்குகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே நிறம் மாறி மண்ணோடு ஓடுகிறது என்று அவர் கைகாட்டிய இடத்திலெல்லாம் குச்சி நட்டேன். வண்டிப்பாதையில் குறுக்கே கல் அடுக்கித் தண்ணீரைப் பிரித்துவிட்டோம். ஒவ்வொரு வரப்பிலும் கல் பரப்பி, உபரி நீர் வெளியேற வழி வைத்தோம். வேலை ஒரு வாரம். மழையில் நடந்தது ஒன்றரை மணி நேரம். இனி எந்த ஊருக்குப் போனாலும் இந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் முதலில் செய்வேன்.

பண்ணைக்குட்டை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யார் நிலத்தில் வெட்டுவது, தண்ணீர் யாருக்கு என்பதில் பேச்சு நின்றது. கடைசியில் இரண்டு பேர் தங்கள் சொந்த நிலத்தில் சின்னதாக வெட்டிக்கொண்டார்கள். அகலமாக, ஆழமில்லாமல் வெட்டினால் வெயில் குடித்துவிடும் என்பதால் ஆழத்தைக் கூட்டினார்கள்.

மேலோடு இறுகிப்போய் ஒன்றும் முளைக்காத மூலை ஒன்று இருந்தது. அங்கே மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்க்கினா பாசோவின் ஸாய் குழி முறையைச் சொன்னேன். கோடையிலேயே 20 முதல் 40 சென்டிமீட்டர் அகலம், ஒரு சாண் ஆழத்துக்குள் குழி பறித்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மக்கிய எரு போட்டு வைப்பது. எருவைத் தேடி வருகிற கரையான் மண்ணைத் துளைத்துத் தண்ணீர் இறங்க வழி செய்யும். யாக்கூபா சவாடோகோ என்ற விவசாயி 1980களில் இந்தப் பழைய முறையைச் செப்பனிட்டுப் பரப்பியதற்காக 2018-ல் ரைட் லைவ்லிஹுட் என்ற சர்வதேச விருது வாங்கினார். கதையை ரசித்தார்கள். குழி பறிக்க வந்தவர்கள் நான்கு பேர். பாறை மாதிரி மண்ணில் அது முதுகை உடைக்கிற வேலை, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கால் ஏக்கரோடு நிறுத்திக்கொண்டோம்.

விதை விஷயத்தில் நான் அடக்கி வாசித்தேன். சிலர் மக்காச்சோளம் போடவே ஆசைப்பட்டார்கள். வாங்க ஆள் இருக்கிறது. ஆனால் அது பூவெடுக்கும் சமயத்தில் ஈரம் இல்லாவிட்டால் கதிரில் மணி பிடிக்காது. சோளம் அப்படியில்லை, வாடினால் வளர்ச்சியை நிறுத்திவைத்துக் காத்திருக்கும், ஈரம் வந்தால் தொடரும். இதைச் சொன்னேன், அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வாங்க ஆளில்லாத பயிரை வறட்சி தாங்கும் என்று சொல்லி அடுத்தவர் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்காது. பெரும்பாலானவர்கள் சோளத்தோடு துவரையை ஊடுபயிராகப் போட்டார்கள். சோளம் சீக்கிரம் வெட்டுக்கு வந்துவிடும், துவரை வேரை ஆழமாக விட்டு மாதக்கணக்கில் நிற்கும்.

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். விதைப்பு எப்போது என்பதற்குக் குழுவே ஒரு விதி வகுத்துக்கொண்டது. மழை பெய்த மறுநாள் மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும். ஒரு சாணுக்கு ஈரம் இறங்கியிருந்தால் மட்டும் விதைப்பு. அப்போதும் எல்லா விதையையும் ஒரே நாளில் போட்டுவிடக் கூடாது, ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். விதைப்பதற்கு முன் நூறு விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ண வேண்டும். ஒருவர் வீட்டுப் பழைய சோள விதையில் 41தான் முளைத்தது. மழை மேல் போட்டிருந்த பழியில் கொஞ்சத்தை அவர் அன்றைக்கு இறக்கிவைத்தார்.

மழை நோட்டில் முதல் இரண்டு மாதம் ஒரு தப்பு நடந்தது. பெய்த நாளை மட்டும் எழுதினார்கள். பெய்யாத நாளில் என்னத்தை எழுத என்று விட்டுவிட்டார்கள். பிறகு புரட்டிப் பார்த்தபோது, வெற்றிடமாக இருக்கிற நாள் மழை இல்லாத நாளா, நோட்டை எடுக்க மறந்த நாளா என்று தெரியவில்லை. எங்களுக்கு வேண்டியதோ அந்த இடைவெளியின் நீளம்தான். பூஜ்யத்தையும் எழுதணும் என்று அன்றிலிருந்து கட்டாயமானது. நோட்டு வைத்திருந்த பெண் பத்தாம் வகுப்பு. அவள் ஒரு நாளும் விடவில்லை.

இரண்டாம் பருவத்தில் அந்த நோட்டில் வரிசையாக 23 பூஜ்யம் விழுந்தது. பத்தாவது பூஜ்யத்திலேயே கூட்டம் போட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை, பிறகுதான் தெரிந்தது. களையைப் பிடுங்கி, ஈரம் காயாமல் மண்ணை மூடும் மூடாக்காக அப்படியே சாலுக்கிடையில் போட முடிவெடுத்திருக்கிறார்கள். முந்திக்கொண்டு விதைத்த இருவரின் சோளம் போய்விட்டது, துவரை மட்டும் நின்றது. ஒரு சாண் ஈரத்துக்குக் காத்திருந்தவர்களின் பயிர் வாடியது, சாகவில்லை. ஸாய் குழி மூலையில் கம்பு முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. அந்த நால்வரில் ஒருவர் தினம் ஒரு தடவை அதைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகக் கேள்வி.

போன வாரம் நோட்டைப் புரட்டினேன். 24-வது நாள், காலை எட்டு மணி. நல்ல மழை பெய்திருக்க வேண்டும், தாளின் ஓரமெல்லாம் நனைந்த தடம். அளவு எழுத வேண்டிய கட்டத்தில் எண் இல்லை. "ஆடு டப்பாவைத் தள்ளிவிட்டது. எவ்வளவு என்று தெரியாது. மண்ணில் ஈரம் ஒன்றரைச் சாண்" என்று எழுதியிருந்தது.