குளிர்ல கார் கழுவுறவங்க கவனத்துக்கு: காலைல கதவு தொறக்காது

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். வெளிய மைனஸ் 3 டிகிரி. ரோட்டுல ஐஸுக்காக தூவுற உப்பு கார் முழுக்க படிஞ்சு, வாங்கும்போது கருப்பு கலரா சாம்பல் கலரான்னு எனக்கே சந்தேகம் வர்ற அளவுக்கு இருந்துச்சு. பாத்து பாத்து கை அரிச்சு, சரி ரெண்டு பக்கெட் வெதுவெதுப்பான தண்ணிதானே, அரை மணி நேரம்தானேன்னு இறங்கிட்டேன். கழுவி முடிச்சப்ப செம திருப்தி, வண்டி பளபளன்னு நிக்குது, நான் கைய ஊதிக்கிட்டே வீட்டுக்குள்ள ஓடிட்டேன். துடைக்கல.

அடுத்த நாள் காலைல ஏழரை மணிக்கு எனக்கு ஏழரை ஆரம்பிச்சுது. நாலு கதவும் தொறக்கல. ரிமோட்ட அமுக்குனா லாக் டப்புன்னு தொறக்குற சத்தம் கேக்குது, கதவு மட்டும் இம்மி அசையல. பொண்ணுக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு, அவங்கப்பா ஒரு பக்கம் ஹேண்டில புடிச்சு தேர் இழுக்குற மாதிரி இழுக்குறாரு, "ஏங்க, மெதுவாங்க"ன்னு நான் சொல்லி முடிக்கல, பர்ர்ர்னு ஒரு சத்தம். கதவு தொறந்துச்சு, ஆனா கதவு ஓரத்துல இருக்குற ரப்பர் பீடிங் ஒரு சாண் நீளத்துக்கு பிஞ்சு பாடியோடயே ஒட்டிக்கிச்சு. இந்தப் பக்கம் பொண்ணு, "அம்மா, டிக்கி தொறக்குதும்மா"ன்னு சொல்லிட்டு அது வழியா ஏறி பின் சீட்டுக்கு தாவி, உள்ளருந்து கால வச்சு ஒரு தள்ளு தள்ளுனா, அடுத்த கதவு சாதாரணமா தொறந்துடுச்சு. அவர் பிஞ்ச ரப்பர பாத்தாரு, என்னைய பாத்தாரு, ஒண்ணும் சொல்லல. அதுக்கு நாலு வார்த்த திட்டியிருக்கலாம்.

அதுக்கப்புறம்தான் இந்த விஷயத்த ஒழுங்கா கத்துக்கிட்டேன். குளிர்ல கழுவுறதுக்கு ஆகுற நேரத்துக்கு சமமா துடைக்கவும் நேரம் ஒதுக்க முடியும்னா மட்டும் பக்கெட்ட தொடணும், இல்லன்னா அழுக்காவே ஓட்டிக்கலாம், தப்பே இல்ல.

நாளைக்கே மறுபடி அழுக்காகப் போகுது, எதுக்கு இந்த குளிர்ல கழுவணும்னு கேக்குறவங்க உண்டு. பளபளப்புக்காகன்னா நானும் விட்டுடுவேன். பிரச்சன உப்பு. ரோட்டுல ஐஸ் உருகணும்னு உப்பு தூவுறாங்க இல்லையா, உப்பு கலந்த தண்ணி 0 டிகிரில உறையாது, நல்லா அடர்த்தியா கலந்துட்டா மைனஸ் 21 வரைக்கும் கூட தண்ணியாவே கிடக்கும். அந்த தண்ணிதான் டயர் வாரி அடிச்சு வண்டிக்கு அடியில போய் உக்காந்துக்குது. துருப்பிடிக்க தண்ணியும் ஆக்ஸிஜனும் போதும், அதுல உப்பு சேர்ந்தா தண்ணி கரண்ட்ட நல்லா கடத்தும், துரு வேலை வேகமாகிடும். சில இடங்கள்ல கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடுன்னு தெளிப்பாங்க, அது இன்னும் மோசம், காத்துல இருக்குற ஈரத்த தானே இழுத்து வச்சுக்கும், காயவே காயாது.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. வண்டி பாவம் குளிர்ல நிக்குதேன்னு உப்போட கொண்டுபோய் ஹீட்டர் போட்ட கராஜ்ல நிறுத்துவோம்ல, அதுதான் வண்டிக்கு நாம பண்ற பெரிய துரோகம். கடுங்குளிர்ல துருப்பிடிக்கிற வேகம் கொறையும், வெதுவெதுப்புல ஏறும். மைனஸ் 15ல வெளிய அழுக்கா நிக்கிற கார் அப்போதைக்கு நல்லாத்தான் இருக்கும். சூடான கராஜ்ல உப்பு ஒழுக ஒழுக நிக்கிற கார்தான் ராத்திரி முழுக்க துருவுக்கு சாப்பாடு போட்டுக்கிட்டு இருக்கும். அதனால கதகதப்பான கராஜ் வச்சிருக்கவங்கதான் அடிக்கடி அடிப்பக்கம் கழுவணும்.

எப்ப கழுவலாம்னா, என் கணக்கு இது. 0க்கு மேல இருக்கணும், வெயில் இருந்தா ரொம்ப நல்லது, காலைல பத்து பதினொரு மணிக்கு ஆரம்பிக்கணும், அப்பதான் இருட்டுறதுக்குள்ள வண்டி காய நேரம் இருக்கும். 0லருந்து மைனஸ் 5 வரைக்கும்னா கராஜுக்குள்ள மட்டும், இல்லன்னா கார் வாஷ் சென்டர். மைனஸ் 10க்கு கீழ போச்சுன்னா தொடவே மாட்டேன். அந்த குளிர்ல தண்ணி பானெட்ல பட்ட உடனே ஐஸ் ஆகும், நாம தேய்க்கிற துணி அந்த ஐஸையும் மணலையும் சேத்து இழுத்து பெயிண்ட்ல கோடு போடும், உப்புத்தாள் வச்சு தேய்க்கிற மாதிரிதான். காத்து அடிச்சா இன்னும் சீக்கிரம் உறையும், நிழல்ல நிக்கிற பக்கம் ஒரு மாதிரி, வெயில் படுற பக்கம் ஒரு மாதிரி இருக்கும், அதையும் பாத்துக்கோங்க.

கொதிக்கிற தண்ணி மட்டும் வேண்டவே வேண்டாம், அதுவும் கண்ணாடி மேல. கண்ணாடியோட ஒரு பக்கம் திடீர்னு சூடாகி விரியும், மத்தது எல்லாம் குளிர்ந்தே கிடக்கும், ஏற்கனவே கல்லடி பட்டு ஒரு சின்ன புள்ளி இருந்துச்சுன்னா அங்கருந்து விரிசல் கோடு கிடுகிடுன்னு ஓடும். கை வைக்கிற அளவு வெதுவெதுப்பு போதும். அப்புறம், கழுவுறதுக்கு ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஹீட்டர் போட்டு விட்டா கண்ணாடி, கதவு எல்லாம் கொஞ்சம் சூடேறி இருக்கும், தண்ணி உடனே உறையாது. ஆனா இத மூடுன கராஜுக்குள்ள பண்ணாதீங்க. எஞ்சின் புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, கலரும் கிடையாது, ஆளையே கொல்லும். வெளிய நிறுத்தி சூடு பண்ணி, ஆஃப் பண்ணி, அப்புறம் உள்ள கொண்டு வாங்க.

கழுவுறப்ப நான் மேல செலவு பண்ற நேரம் கம்மி, கீழ தான் அதிகம். ஒரு தடவ டயர் பக்கத்துல குத்துக்கால் போட்டு உக்காந்து, வீலுக்கு மேல மட்கார்டோட உள்பக்க விளிம்பு இருக்கும்ல, அங்க விரல விட்டு தடவி பாருங்க. விளிம்பு உள்பக்கமா மடிஞ்சு சின்ன வாய்க்கா மாதிரி இருக்கும், அதுல சேறும் உப்பும் மணலும் கெட்டியா அப்பி வச்ச களிமண் மாதிரி இருக்கும், நகத்தால தோண்டுனா கட்டி கட்டியா விழும், உள்ள ஈரமா இருக்கும். மேல எவ்வளவு ஷாம்பூ போட்டாலும் இது அசையாது. நான் மொதல்ல பழைய பிரஷ் வச்சு இத தளர்த்தி விட்டுட்டு அப்புறம்தான் பிரஷர் வாஷர் அடிப்பேன். கதவுக்கு கீழ ஓடுற பட்டை, பின்னாடி பம்பருக்கு உள்பக்கம், இதெல்லாம் அதே மாதிரிதான். பெயிண்ட் உரிஞ்ச இடத்துல மட்டும் பிரஷர் வாஷர கிட்ட கொண்டு போகாதீங்க, மிச்சத்தையும் உரிச்சுடும்.

மேல் பாடிக்கு வழக்கமான ரெண்டு பக்கெட் முறைதான், ஒண்ணுல ஷாம்பூ, ஒண்ணுல அலசுறதுக்கு வெறும் தண்ணி. தேய்க்கிறதுக்கு முன்னாடி மணல் போற வரைக்கும் தண்ணி அடிச்சுடணும், இது முக்கியம். கராஜுக்குள்ள தண்ணி ஓட விட முடியாதவங்களுக்கு அலசத் தேவையில்லாத ஷாம்பூ கிடைக்குது, ஒரே ஒரு பக்கெட் தண்ணில வேலை முடிஞ்சிடும், குளிருக்கு அதான் எனக்கு ரொம்ப புடிச்ச வழி. ஆனா சேறு அப்பிக்கிடக்குற வண்டிக்கு அது சரி வராது.

கார் வாஷுக்கு போறதா இருந்தா பிரஷ் சுத்துற மிஷின விட, தொடாம தண்ணிய மட்டும் பீச்சி கழுவுற மிஷின் பரவால்ல, நமக்கு முன்னாடி போன வண்டியோட மணல் பிரஷ்ல ஒட்டிக்கிட்டு இருக்கும். காசு கொஞ்சம் கூட போனாலும் அடிப்பக்கம் கழுவுற ஆப்ஷன விடாதீங்க, அதுக்குத்தானே போறோம். உள்ள போறதுக்கு முன்னாடி ஆட்டோமேடிக் வைப்பர ஆஃப் பண்ணுங்க. வெளிய வந்து ஓரமா நிறுத்தி நாலு கதவையும் தொறந்து துடைக்க ஒரு துணி கூடவே வச்சிருங்க. அங்க ஊதுற காத்து மேல மட்டும்தான் காய வைக்கும், கதவு இடுக்குக்குள்ள போகாது.

இப்ப துடைக்கிற கதை. பானெட், கூரை எல்லாம் கடைசி, அங்க தண்ணி நின்னாலும் பெரிசா ஒண்ணும் ஆகாது. மொதல்ல கதவு. தொறந்து, அந்த ரப்பர் பீடிங் முழுக்க, அது போய் ஒட்டுற பாடி பக்கம், கீல் இருக்குற மூலை, எல்லாத்தையும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி ஒத்தி எடுக்கணும். ரப்பர லேசா விரலால மடிச்சு பாத்தா அதுக்கு அடியில ஒரு கோடு மாதிரி தண்ணி ஒளிஞ்சிருக்கும், அந்த ஒரு கோடுதான் என் பீடிங்க பிச்சது. கதவோட அடி விளிம்புல சின்னதா ரெண்டு மூணு ஓட்டை இருக்கும், உள்ள போன தண்ணி வெளிய வர்றதுக்கு. அது சேறு அடைச்சு இருந்தா ஒரு பல்குத்துற குச்சிய விட்டு எடுத்து விடுங்க, சில நேரம் பொலபொலன்னு தண்ணி கொட்டும், இவ்வளவு உள்ள இருந்துச்சான்னு பயமா இருக்கும். அப்புறம் ஹேண்டிலுக்கு பின்னாடி, சாவி ஓட்டை, பெட்ரோல் மூடி, எலக்ட்ரிக் வண்டின்னா சார்ஜ் போடுற மூடி, சைடு மிரர் மடங்குற இடுக்கு, டிக்கி லாக், வைப்பர் ரப்பர். காத்து ஊதுற ப்ளோயர் ஏதாவது இருந்தா இடுக்குக்கெல்லாம் அது வரப்பிரசாதம்.

துடைச்சதுக்கு அப்புறம் சிலிக்கான் ஸ்ப்ரேய துணில அடிச்சு ரப்பர் மேல மெலிசா தடவி விடுங்க, ரப்பர்ல தண்ணி ஒட்டாது, ஒட்டுனா கூட ஐஸ் சுலபமா விடும். நேரா ரப்பர் மேல அடிச்சா கண்ணாடியெல்லாம் பிசுக்காகும். கிரீஸ், எஞ்சின் ஆயில்னு கைல கிடைச்சத தடவாதீங்க, அது ரப்பர ஊற வச்சு கெடுத்துடும். இன்னொண்ணு, லாக்ல ஐஸ் உருக்குற ஸ்ப்ரேன்னு ஒண்ணு விக்கும், நானும் வாங்கி பத்திரமா காருக்குள்ள வச்சிருந்தேன். கதவு தொறக்காதப்ப அது உள்ள உக்காந்து என்னைய பாத்துச்சு. இப்ப ஹேண்ட்பேக்ல இருக்கு.

எல்லாம் முடிஞ்சதும் வண்டிய அப்படியே நிறுத்திடாதீங்க. ஒரு பதினஞ்சு இருபது நிமிஷம் ஓட்டுங்க, பின்னாடி யாரும் வராத இடத்துல பிரேக்க நாலஞ்சு தடவ லேசா அமுக்கி அமுக்கி விடுங்க, அந்த சூட்டுல பிரேக்ல இருக்குற தண்ணி காஞ்சிடும். நிறுத்துற இடம் சமதரையா இருந்தா ஹேண்ட்பிரேக் போடாம, ஆட்டோமேடிக்னா 'பி'ல போடுங்க, மேனுவல்னா கியர்ல போடுங்க, ஈரத்தோட ஹேண்ட்பிரேக்க இழுத்து விட்டா பிரேக் அப்படியே புடிச்சு உறைஞ்சுடும். ஒரு தடவ கழுவிட்டு அடுத்த நாள் வேகமா போறப்ப ஸ்டியரிங் கடகடன்னு ஆடுச்சு, அலைன்மென்ட் போச்சுன்னு பயந்து மெக்கானிக் கிட்ட போனா, அவர் ரிம்முக்கு உள்பக்கம் ஒட்டிக்கிட்டு இருந்த ஐஸ் கட்டிய தட்டி விட்டுட்டு சிரிச்சாரு. ஒரு பக்கம் மட்டும் ஐஸ் ஒட்டுனா வீல் பேலன்ஸ் போயிடுதாம்.

கழுவுன தண்ணி எங்க ஓடுதுன்னும் பாருங்க. நான் கழுவுன சோப்பு தண்ணி வாசலுக்கு ஓடி உறைஞ்சு, ரோட்டோட நிறத்துலயே கண்ணுக்கு தெரியாத ஐஸா நின்னுச்சு, மொதல்ல விழுந்தது நான்தான், அந்த வரைக்கும் நல்லது, வேற யாராவது விழுந்திருந்தா என்ன சொல்றது. இப்பெல்லாம் தண்ணிய தள்ளி விட்டுட்டு மணல் தூவிடுறேன். ஹோஸ்ல இருக்குற தண்ணியையும் முழுசா வடிச்சு, சுருட்டி உள்ள எடுத்து வைங்க. தண்ணி ஐஸ் ஆகும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருசாகும், ஹோஸ், குழாய், பிரஷர் வாஷர் பம்ப் எதுவும் அத தாங்காது. கைக்கு உள்ள மெல்லிசா ஒரு கம்பளி கிளவுஸ், அதுக்கு மேல ஒரு சைஸ் பெரிய ரப்பர் கிளவுஸ், அது போதும்.

இவ்வளவும் பண்ணியும் காலைல கதவு ஒட்டிக்கிச்சுன்னா இழுக்காதீங்க. மொதல்ல உடம்ப சாச்சு கதவ உள்பக்கமா அமுக்குங்க, அந்த அழுத்தத்துல இடுக்குல இருக்குற ஐஸ் உடையும். மத்த கதவுகள முயற்சி பண்ணுங்க, ஒண்ணு தொறந்தாலும் உள்ள போய் ஹீட்டர் போட்டுடலாம். எதுவும் தொறக்கலன்னா டிக்கி.

பிஞ்ச பீடிங்க அப்பவே மாத்தியாச்சு, இந்த மூணு வருஷத்துல ஒரு தடவ கூட கதவு ஒட்டல. ஆனாலும் நான் பக்கெட்ட கைல எடுத்தா போதும், பொண்ணு ஒரு வார்த்த பேசாம போய் டிக்கில இருக்குற சாமான எல்லாம் எடுத்து ஓரமா வச்சுட்டு வந்துடுறா.