பச்சைச் சட்டையும் சிவப்பு நட்சத்திரமும்

பாரிஸுக்கு வந்து சேருகிற எங்கள் பெடியன்களில் அநேகம் பேர் பரி சென்ஜெர்மன் உதைபந்தாட்டக் கழகத்தின் பக்கம்தான். ஊரில் இருக்கும்போதே அந்த நீலச் சட்டையைப் போட்டுத் திரிந்தவர்கள். நான் ரெட் ஸ்டார் என்று சொன்னால், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் தேநீர் குடித்துக்கொண்டு நிற்பவர்கள் "அது எந்த நாட்டுக் கழகம் அண்ணை?" என்று கேட்பார்கள். அவர்கள் நிற்கிற இடத்திலிருந்து கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்து, மெற்றோ 4ஐப் பிடித்து, போர்த் து கிளினியோன்கூரில் இறங்கி, பழைய சாமான் சந்தையைத் தாண்டிப் போனால் மைதானம் வந்துவிடும். அவ்வளவு கிட்ட. சென்ஜெர்மன் 1970இல் பிறந்த கழகம். ரெட் ஸ்டார் 1897இல் பிறந்தது.

நான் சென்துவானுக்குக் குடிவந்தது உதைபந்தாட்டத்துக்காக இல்லை, வாடகைக்காக. பாரிஸ் எல்லைக்கு வெளியே ஒரு நெடுஞ்சாலையைக் கடந்தால் அறை வாடகை இறங்கும். நான்கு பேர் சேர்ந்து ஒரு அறை எடுத்தோம். அகதி வழக்கின் முடிவு வரவில்லை, மொழி தெரியாது, வேலை ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுதல். அங்கே சமையலில் நின்ற மாலி நாட்டுக்காரர் ஒருவர்தான் என்னை முதலில் கூட்டிக்கொண்டு போனவர். நான் யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பக்கம் பிறந்தவன். குருநகர், பாசையூர், நாவாந்துறை எல்லாம் பந்து உருண்டால் மீன்வலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருகிற ஊர்கள். அதனால் அவர் இரண்டாம் தடவை கூப்பிடத் தேவை இருக்கவில்லை.

அப்போது ரெட் ஸ்டார் மூன்றாம் பிரிவில் இருந்தது. ஆட்டம் பெரும்பாலும் வெள்ளி இரவு. மைதானத்துக்கு எதிரே ஒலிம்பிக் என்று ஒரு மதுக்கடை. ஆட்டம் தொடங்குவதற்கு முன் அந்த வீதியே கடையாகிவிடும். தெருவோரத்தில் மெர்கேஸ் சுடுவார்கள். மிளகாய்ச் சிவப்பில் இருக்கிற அந்த ஆட்டிறைச்சிச் சொசேஜைப் பாணுக்குள் வைத்து, மேலே உருளைக்கிழங்குப் பொரியலைக் குவித்து, அரிசா என்கிற மிளகாய் விழுதும் பூசிக் கொடுப்பார்கள். பிரான்ஸில் எங்கள் நாக்குக்கு உறைப்பாக முதலில் கிடைத்த சாப்பாடு அதுதான்.

உள்ளே போனால் இன்னொரு வேடிக்கை. ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால், மைதானத்தை முட்டிக்கொண்டு, கூர்கூரான மாடங்களோடு ஒரு அடுக்குமாடி. அங்கே குடியிருப்பவர்கள் மாடத்தில் கதிரை போட்டு ஓசியில் ஆட்டம் பார்ப்பார்கள். பந்து வெளியே போனால் மேலேயிருந்தும் ஒரு சத்தம் வரும். பழைய கூரை, துருப்பிடித்த கம்பி, ஆட்டக்காரனின் மூச்சுக் கேட்கிற கிட்டம். மகனோடு பிறகு ஒருநாள் சென்ஜெர்மனின் மைதானமான பார்க் தே பிரான்ஸுக்கும் போனேன். அது நல்ல மைதானம்தான். ஆனால் அங்கே ஆட்டக்காரன் உங்களைப் பார்த்துத் திட்டமாட்டான்.

எனக்கு மூன்று வரிசை முன்னால் எப்போதும் ஒரு அல்ஜீரியக் கிழவர் இருப்பார். கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். நான் பிரெஞ்சு படித்ததில் பாதி அவரிடம்தான். பாடப்புத்தகம் "என் அத்தையின் தோட்டம் பெரியது" என்று சொல்லித் தந்துகொண்டிருந்தபோது, இவர் நடுவரை எப்படிக் கேட்பது என்று சொல்லித் தந்தார். இடைவேளையில் கழகத்தின் பழங்கதை சொல்லுவார். முதலில் பாதிதான் விளங்கும். அடுத்த வெள்ளி மிச்சப் பாதி.

கழகத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஜூல் ரிமே. அப்போது அவருக்கு 23 வயது. பின்னாளில் 1921 தொடங்கி 1954 வரை ஃபிஃபாவின் தலைவராக இருந்து, 1930இல் முதல் உலகக் கிண்ணப் போட்டியை நடத்திக் காட்டிய அதே ரிமே. விளையாட்டு பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்காக இருந்த காலத்தில், எல்லாத் தரத்து ஆட்களும் சேர்ந்து ஆட ஒரு கழகம் வேண்டும் என்று நினைத்தவர். முதலில் ஆடிய இடம் ஷாம் து மார்ஸ், ஐஃபிள் கோபுரத்தடி. வந்த புதிதில் நாங்கள் எல்லாரும் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிற அதே புல்வெளி. அங்கிருந்து மூதோன், பிறகு கிரெனெல். 1909இல்தான் சென்துவானுக்கு வந்தார்கள். கழகமே வாடகை வீடு மாறிமாறி வந்ததுதான் என்று கிழவர் சொல்லிச் சிரிப்பார்.

பெயரைக் கேட்டதும் எல்லாரும் கம்யூனிஸ்ட் கழகம் என்று நினைப்பார்கள். சென்துவான் நீண்டகாலம் கம்யூனிஸ்டுகள் ஆண்ட நகரம், பார்வையாளர் மேடையில் இன்றும் இடதுசாரிக் காற்றுத்தான், எல்லாம் சரி. ஆனால் பெயர் ரஷ்யப் புரட்சிக்கு இருபது வருடம் முந்தியது. ரிமே வீட்டோடு பழகிய ஒரு ஆங்கிலப் பெண், அத்திலாந்திக் கடக்கும் ரெட் ஸ்டார் கப்பல் கம்பனியை நினைத்து இந்தப் பெயரைச் சொன்னதாக ஒரு கதை இருக்கிறது. எனக்கு இந்தக் கதைதான் பிடிக்கும். அந்தக் கப்பல்கள் ஐரோப்பாவின் ஏழைகளை அள்ளிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போனவை. போகட்டும், சட்டையின் நிறம் பச்சை. சிவப்பு நெஞ்சிலுள்ள நட்சத்திரத்தில் மட்டும்.

1920களில் இந்தக் கழகத்துக்கு பிரான்ஸில் ஈடு இல்லை. 1921, 1922, 1923 என்று தொடர்ந்து மூன்று முறை பிரெஞ்சுக் கிண்ணம். 1928இல் நாலாவது. 1920களின் தொடக்கத்தில் கோல் காத்தவர் பியேர் ஷேரிகெஸ். அந்தக் காலத்தில் கோல்காப்பாளர் கம்பத்தடியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பார். இவர் முன்னால் ஓடிவந்து எதிராளியின் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடிப்பார். பிரான்ஸ் அணிக்கும் அவர்தான் கோல்காப்பாளர். 1924 ஒலிம்பிக்கின் சில உதைபந்தாட்டப் போட்டிகளும் எங்கள் மைதானத்தில் நடந்தன. 1932இல் பிரான்ஸில் தொழில்முறை லீக் தொடங்கியபோது ரெட் ஸ்டாரும் அதில் இருந்தது, முதல் வருடமே கீழே இறங்கியது, அடுத்த வருடம் இரண்டாம் பிரிவில் முதலாவதாக வந்து ஏறியது. ஏறுவதும் இறங்குவதும் அப்போதே தொடங்கிவிட்டது.

ஐந்தாவது கிண்ணம் 1942இல், ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில், சேத் அணியை 2-0 என்று வென்று. அதற்குப் பிறகு இன்றுவரை ஒன்றும் இல்லை. அதே 1942 மே மாதத்தில் சென்துவானில் வைத்தியராக இருந்த ஜான்-குளோட் பொயேரை நாஜிகள் சுட்டுக்கொன்றார்கள். கம்யூனிஸ்ட், எதிர்ப்பியக்கக்காரர். போருக்குப் பிறகு மைதானத்து வீதிக்கு அவர் பெயரை வைத்தார்கள். வீதியின் பெயரே மைதானத்துக்கும் ஒட்டிக்கொண்டது. ஆகவேதான் எல்லாரும் பொயேர் என்கிறார்கள். எனக்கு வீட்டுக் கடிதங்கள் வந்துகொண்டிருந்த பகுதிக்குப் பக்கத்திலேயே அந்தப் பெயர்ப்பலகை. எத்தனை தடவை அதைப் பார்க்காமலேயே தாண்டிப் போயிருப்போம்.

ஆனால் மேடையில் பாட்டாகவும் பதாகையாகவும் திரும்பத் திரும்ப வருகிற பெயர் இன்னொன்று: ரினோ டெல்லா நெக்ரா. இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தின் பிள்ளை. 1923இல் பிரான்ஸின் வடக்கில் பிறந்து, பாரிஸுக்கு வெளியே அர்ஜோந்தேயில் வளர்ந்தவர். வேகமான முன்னணி ஆட்டக்காரர், 1943இல் ரெட் ஸ்டாரில் சேர்கிறார். அந்த வருடம் ஜெர்மனியில் கட்டாய வேலைக்கு வரும்படி அழைப்பு வர, போகாமல் தலைமறைவாகிறார். குடியேறிகள் சேர்ந்து நடத்திய ஆயுத எதிர்ப்புக் குழு ஒன்றில் சேர்கிறார். ஆர்மேனியரான மிசாக் மனூஷியானின் பெயரால் நாங்கள் இன்று அறிகிற குழு அது. பகலில் குழுவின் வேலை, இடையில் கழகத்தின் பயிற்சி. கழகத்தில் தன் சொந்தப் பெயரிலேயே ஆடிக்கொண்டிருந்தார் என்பதைக் கேட்டபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. தலைமறைவாய் இருக்கிறவன் சொந்தப் பெயரில் பந்து ஆடுவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று, பெயரை மாற்றிக்கொண்டு எல்லை கடந்தவர்களுக்குத் தெரியும்.

1943 நவம்பர் 12ஆம் திகதி, ஜெர்மன்காரருக்குப் பணம் கொண்டுபோனவர்களை லாஃபாயெத் வீதியில் தாக்கியபோது காயப்பட்டுப் பிடிபட்டார். லாஃபாயெத் வீதி என்றால் கார் து நோரைத் தொட்டுக்கொண்டு போகிற அதே நீண்ட வீதி. நாங்கள் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிய பைகளோடு குறுக்கே கடக்கிற வீதி. 1944 பெப்ரவரி 21ஆம் திகதி மோன் வலேரியன் கோட்டையில் தோழர்களோடு சுட்டுக்கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 20. கழகம் தொடங்கப்பட்டதும் ஒரு பெப்ரவரி 21ஆம் திகதிதான். தம்பிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் ரெட் ஸ்டார் ஆட்கள் எல்லாருக்கும் வணக்கமும் விடையும் சொல்லச் சொல்லியிருந்தார்.

அந்தக் குழுவின் முகங்களை ஜெர்மன்காரர் சிவப்புச் சுவரொட்டியில் அச்சடித்து ஊரெங்கும் ஒட்டினார்கள். இவர்கள் பிரெஞ்சுக்காரர் இல்லை, வெளிநாட்டுக் குற்றவாளிகள் என்று மக்களுக்குக் காட்டத்தான். 2024இல் அதே பெப்ரவரி 21ஆம் திகதி மனூஷியானின் பேழையை, பிரான்ஸ் தன் பெரியவர்களை வைத்து மரியாதை செய்கிற பாந்தியோனுக்குக் கொண்டுபோனபோது தொலைக்காட்சியில் பார்த்தேன். பக்கத்தில் இருந்த மனைவி, "வெளிநாட்டுக்காரன் என்று சொல்லிச் சுட்டுப்போட்டு, எண்பது வருடத்துக்குப் பிறகு மாலை போடுறாங்கள்" என்றாள். சுட்டது இவங்கள் இல்லையே என்று நான் சொல்லத் தொடங்கினேன். பிடித்துக் கொடுத்த பொலிஸ் யார் என்று அவள் கேட்டாள். பாரிஸ் பொலிஸ்தான். அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

போருக்குப் பிந்திய கதை மளமளவென்று போய்விடும். 1946 கிண்ண இறுதியாட்டத்தில் லீல் அணியிடம் தோல்வி. பிறகு பணமும் இல்லை, ஆளும் இல்லை. 1967இல் ஒரு விநோதம் நடந்தது. ஏறக்குறைய 700 கிலோமீற்றர் தூரத்திலுள்ள துலூஸ் கழகத்தோடு இணைந்து, அவர்களுடைய முதல் பிரிவு இடத்தை எடுத்துக்கொண்டது ரெட் ஸ்டார். துலூஸ்காரருக்கு இது இன்றும் கசப்பாய் இருந்தால் அதில் நியாயம் உண்டு. 1975க்குப் பிறகு முதல் பிரிவைக் கண்ணால் காணவில்லை. 1978இல் கடனில் மூழ்கி, கீழேயிருந்து மறுபடி ஆரம்பம். 2000களின் தொடக்கத்தில் பிராந்திய லீக் வரை சரிவு. இப்படிப்பட்ட கழகத்தை எதற்காகப் பின்தொடர்கிறாய் என்று லாச்சப்பலில் கேட்பார்கள். வெல்கிற கழகத்தைப் பின்தொடர ஒருவருக்கும் காரணம் தேவையில்லை என்பேன்.

2015இல் மூன்றாம் பிரிவில் முதலாவதாக வந்தோம். மேலே ஏறினோம் என்று அன்று இரவு பொயேர் வீதி முழுக்கக் கூத்து. பிறகுதான் விசயம் தெரிந்தது: இரண்டாம் பிரிவின் விதிகளுக்குப் பொயேர் மைதானம் பொருந்தாது. மேடை பழசு, வெளிச்சம் போதாது, பாதுகாப்புப் போதாது. கழகம் போவேக்குப் போய் ஆடியது. வடக்கே ஏறக்குறைய 70 கிலோமீற்றர். மலிவு விமானம் பிடிக்கப் போகிற இடம் என்றுதான் எங்களுக்குப் போவேயைத் தெரியும். ஏறியதற்குத் தண்டனையாக ஊரைவிட்டு அனுப்பினால் எப்படி இருக்கும்? சொந்த மைதானம் மூடிக்கிடக்க, பேருந்தில் ஏறி "எங்கள்" ஆட்டத்தைப் பார்க்க வேறு ஊருக்குப் போனோம். அடுத்த வருடம் பாரிஸின் மறுகோடியில் உள்ள ஜான் புவான் மைதானம். அங்கே பக்கத்திலேயே சென்ஜெர்மனின் பெரிய மைதானம் நிமிர்ந்து நிற்கும், பார்க்கவே எரிச்சல் வரும். 2017இல் இறங்கினோம். மறைக்க என்ன இருக்கிறது, பொயேருக்குத் திரும்பலாம் என்று சந்தோசப்பட்டவர்களும் மேடையில் இருந்தார்கள். கிழவர் அதில் முதலாள்.

2018இல் ஏறி, மறுபடி போவே, 2019இல் மறுபடி இறக்கம். அதற்குப் பிறகுதான் மைதானத்தைப் புதிதாகக் கட்டும் வேலை உண்மையாகத் தொடங்கியது. ஒரு மேடையை இடித்துக் கட்டும்போது மற்ற மேடையில் இருந்து ஆட்டம் பார்த்தோம். பாரந்தூக்கிகளுக்கு நடுவே கோர்னர் அடித்தார்கள். 2022இல் அமெரிக்காவின் 777 பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டுக் கம்பனி கழகத்தை வாங்க வந்தபோது மேடை கொதித்தது. புகைக்குண்டு, பதாகை, கூச்சல். பல நாடுகளில் கழகங்களை வாங்கிச் சேர்க்கிற கம்பனி அது. பயந்தது வீண்போகவில்லை: 2024இல் அந்தக் கம்பனி பெரும் பணச்சிக்கலில் விழுந்தது. ஆனால் அதே வருடம் ஹபிப் பே பயிற்றுவித்த அணி மூன்றாம் பிரிவில் முதலாவதாக வந்தது. இந்தத் தடவை போவேக்குப் போக வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் பிரிவு ஆட்டம் பொயேரிலேயே நடந்தது.

புது மேடைகள் வசதியாய்த்தான் இருக்கின்றன. கழிவறையில் தண்ணீர் வருகிறது. அடுக்குமாடி மாடங்களிலும் இன்னும் கதிரைகள் இருக்கின்றன. ஆனால் மைதானத்தோடு சேர்த்துக் கடைகளும் அலுவலகங்களும் எழும்ப, மெற்றோ 14 சென்துவானுக்கு வந்ததிலிருந்து ஏறத்தொடங்கிய வாடகை இன்னும் ஏறுகிறது. நாங்கள் நான்கு பேர் இருந்த அறையை இன்று புதிதாக வருகிற பெடியன் எடுக்க முடியாது. அவன் இன்னும் வடக்கே, சார்செல் பக்கம் போய்விடுகிறான். அங்கிருந்து வெள்ளி இரவு ஆட்டத்துக்கு வந்து திரும்ப வேலைக்களைப்பு விடாது. கழகத்தின் சரித்திரத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் இதையும் பேச வேண்டும் என்பது என் கட்சி. கிழவரோ, முதலில் முதல் பிரிவுக்கு ஏறுவோம், வாடகையைப் பிறகு பார்ப்போம் என்கிறார். அவருக்குச் சொந்த வீடு.

என் மகன் சென்ஜெர்மன். பச்சைச் சட்டை வாங்கிக் கொடுத்தேன், அதை உடற்பயிற்சி வகுப்புக்குப் போட்டுக்கொண்டு போகிறான். மெர்கேஸ் உண்டு என்று சொன்னால் மட்டும் பொயேருக்கு வருவான்.